அவுட்போர்டு எஞ்சினில் பல்ப் எரிகிறது, பேட்டரி மட்டும் ஏறவில்லை

கேள்வி: 2024 பிப்ரவரி 11, இரவு 9.40

முட்டம் பக்கம் ஃபைபர் வள்ளம் வைத்திருக்கிறேன். 9.9 குதிரைத்திறன் ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. 65 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி. அதில் ஜிபிஎஸ்-எக்கோ (இடமும் கடல் ஆழமும் காட்டும் கருவி), விஎச்எஃப் வயர்லெஸ், ஒரு எல்இடி லைட் ஓடுகிறது. ரெண்டு ராத்திரி தாங்கும், மூணாவது ராத்திரி ஜிபிஎஸ் அணைந்துவிடும். எஞ்சினிலிருந்து ரெண்டு வயர் வெளியே வருகிறது, பல்ப் வைத்தால் பளிச்சென்று எரிகிறது. அந்த வயரை நேரே பேட்டரியில் கொடுத்தால் ஓடும்போதே சார்ஜ் ஏறிக்கொள்ளும் என்று எஞ்சின் பார்ப்பவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பிப்ரவரி 11, இரவு 10.25

கொடுக்காதீர்கள். பல்ப் எரிவது ஒன்றுக்கும் சாட்சி இல்லை. எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரத்துக்கு (ஃப்ளைவீல்) அடியில் இருக்கிற லைட்டிங் காயிலிலிருந்து வருவது ஏசி. பல்புக்கு ஏசி, டிசி எல்லாம் ஒன்றுதான். பேட்டரிக்கு அப்படி இல்லை. ஒரு அரை அலையில் உள்ளே தள்ளியதை அடுத்த அரை அலையில் வெளியே இழுத்துவிடும். போதாததற்கு, எஞ்சினை நிறுத்தியதும் பேட்டரி தன் கரண்டை அந்தக் காயிலுக்குள்ளேயே கொட்டும். காயில் சூடேறி வார்னிஷ் கருகும்.

நடுவில் ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் வேண்டும். மீதியை நாளைக்கு எழுதுகிறேன், காலையில் கடலுக்குப் போக வேண்டும்.

பிப்ரவரி 12, பிற்பகல் 3.10

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலில் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து அந்த ரெண்டு வயரிலும் பிடித்துப் பாருங்கள். ஐடிலில் கொஞ்சம்தான் காட்டும். முறுக்க முறுக்க ஏறும். சுமை எதுவும் இல்லாமல் அளந்தால் முப்பது வோல்ட்டுக்கு மேலே கூடப் போகும், பதறவேண்டாம். நிரந்தரக் காந்தமும் காயிலும் மட்டுமே இருக்கிற ஜெனரேட்டர் அது. சுற்றுக்குத் தகுந்தபடி வோல்ட்டேஜ் ஏறும், அதைக் குறைத்துக்கொள்ள அதற்கே வழி கிடையாது. லாரி ஆல்டர்னேட்டரில் ஃபீல்டு காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைத்து அடக்கலாம், இதில் அப்படி ஒன்று இல்லை.

அடுத்து எஞ்சினை நிறுத்திவிட்டு மீட்டரை ஓம்ஸில் வையுங்கள். காயில் வயர் ஒவ்வொன்றுக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவில் தொடர்பு இருக்கிறதா பாருங்கள். ரெண்டுமே பாடியைத் தொடவில்லை என்றால் நல்லது, ரெக்டிஃபையராக நாலு டயோடு பிரிட்ஜ் (டயோடு என்றால் கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுவது) அப்படியே போடலாம். ஒரு முனை பாடியில் எர்த் ஆகியிருந்தால் கதை வேறு, அதைத் தனியாக எழுதுகிறேன்.

பிரிட்ஜுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேபிபிசி 3510 என்று கேளுங்கள். சதுர உலோக டப்பா, நடுவில் போல்ட் ஓட்டை, மேலே நாலு தகட்டுக் கால். 35 ஆம்பியர் தாங்கும், நமக்குத் தேவை அதில் ஒரு துண்டுதான். ஆனால் விலை அற்பம், கனமாகவும் இருக்கும். நாலு காலில் மூன்று ஒரே திசையில் நிற்கும், ஒன்று மட்டும் குறுக்கே திரும்பி நிற்கும். அந்தக் குறுக்குக்கால்தான் பிளஸ். அதற்கு எதிர்மூலை மைனஸ். மற்ற ரெண்டில் காயில் வயர், எதில் எது என்ற பேச்சே இல்லை. ஒரு அலுமினியத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கி, தண்ணீர் தெறிக்காத இடத்தில் வையுங்கள்.

பிப்ரவரி 12, இரவு 8.00

கொளச்சல் நண்பர் கேட்கிறார்: “பைக் ரெகுலேட்டர் போட்டால் ஆகாதா?” ஆகும், அது ரெக்டிஃபையர் வேலையையும் செய்து வோல்ட்டேஜையும் அடக்கும், என் வள்ளத்தில் இருப்பதே அதுதான். ஆனால் நாலு வயர் வைத்த பைக் ரெகுலேட்டரில் ரெண்டு ஜாதி உண்டு. ஒன்றில் காயிலுக்கு ரெண்டு வயர், பேட்டரிக்கு பிளஸ், மைனஸ். இது முழு அலை, நமக்கு வேண்டியது. இன்னொன்றில் காயிலுக்கு ஒன்று, ஹெட்லைட்டுக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று, எர்த் ஒன்று. பழைய நூறு சிசி வண்டிகளில் பார்த்திருப்பீர்கள். அது அரை அலை. காயில் தருவதில் பாதிதான் பேட்டரிக்குப் போகும். கடையில் “ஃபோர் வயர்” என்று மட்டும் கேட்டால் எதை வேண்டுமானாலும் எடுத்து நீட்டுவார்கள்.

பிப்ரவரி 14, காலை 11.30

இன்று வேலை இல்லை, கணக்குக்கு வருகிறேன். இந்தக் கணக்கைப் போடாமல் ரெக்டிஃபையர் வாங்கினால் ஒரு மாதத்தில் “சார்ஜே ஏறலை அண்ணே” என்று திரும்ப வருவீர்கள்.

இந்த அளவு எஞ்சினில் லைட்டிங் காயில் 12 வோல்ட் 80 வாட் என்று இருக்கும், சிலவற்றில் 60. எண்பதைப் பன்னிரண்டால் வகுத்தால் 6.6 ஆம்பியர். இது முழு முறுக்கில், நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில். அதிலும் டயோடில் ஒன்றரை வோல்ட் போய்விடும். கையில் கிடைப்பது ஐந்து என்று வையுங்கள். வலை இழுக்கும்போதும், மெதுவாக ஊர்ந்து தூண்டில் போடும்போதும் ஒரு ஆம்பியர் வந்தால் பெரிது. ஐடிலில் சுத்தமாக இல்லை, பேட்டரி வோல்ட்டேஜைத் தாண்டினால்தானே உள்ளே போகும்.

கேள்வி கேட்ட தம்பி, போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்று தனிச்செய்தியில் சொன்னார். ஒன்றரை மணி நேரம், ஐந்து ஆம்பியர், ஏழரை ஏஎச். ஈய அமில பேட்டரி வாங்கியதை முழுசாகத் திருப்பித் தராது. ஆறு என்று வைத்துக்கொள்வோம்.

செலவு? ஜிபிஎஸ்-எக்கோ ஒரு ஆம்பியர், பத்து மணி நேரம், பத்து. வயர்லெஸ் சும்மா கேட்டுக்கொண்டிருக்க 0.4, அது நாலு. பேசும்போது ஐந்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஆனால் ராத்திரி முழுக்க சேர்த்து ஐந்தாறு நிமிடம்தான், அரை ஏஎச். லைட் 12 வாட், ஒன்பது மணி நேரம், ஒன்பது. மொத்தம் இருபத்து மூன்றரை.

வரவு ஆறு, செலவு இருபத்து மூன்றரை. ராத்திரிக்குப் பதினேழரை துண்டு விழுகிறது. 65 ஏஎச் பேட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும், ஆக உங்கள் கையில் இருப்பது முப்பத்து இரண்டு. ரெண்டு ராத்திரி. மூணாவது ராத்திரி ஏன் அணைகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும். இத்தனைக்கும் இது எஞ்சின் சார்ஜ் சரியாக நடந்தால் போடும் கணக்கு. இப்போது அதுவும் இல்லாமல் ரெண்டு ராத்திரி ஓட்டுகிறீர்கள் என்றால் அடியாழம் வரை காலி செய்கிறீர்கள்.

ஆக நான் சொல்ல வருவது இதுதான். லைட்டிங் காயில் பேட்டரியை நிரப்பாது. இறங்கும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். நிரப்புவதற்குக் கரையில் வேறு வழி பார்க்கத்தான் வேண்டும்.

பிப்ரவரி 14, மாலை 6.15

“சார்ஜ் போட்டால் மண்ணெண்ணெய் கூடச் செலவாகுமா?” என்று ஒருவர். எண்பது வாட் என்றால் குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்கு. வள்ளத்தில் ஒரு ஐஸ் பெட்டி கூட ஏற்றியதை எஞ்சின் எவ்வளவு உணருமோ அதைவிடக் குறைவு. நிம்மதியாகப் போடுங்கள்.

பிப்ரவரி 19, இரவு 9.00

எர்த் ஆன காயில் பற்றிச் சொல்கிறேன் என்றேன். ஒரு முனை எஞ்சின் பாடியில் இருக்கிறது, பேட்டரி மைனஸையும் யாரோ எஞ்சின் பாடியில் போல்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். இப்போது பிரிட்ஜ் போட்டால் ஒரு அரை அலை பேட்டரிக்குப் போகும், மறு அரை அலை ஒரு டயோடு வழியாகக் காயிலையே ஷார்ட் செய்யும். சார்ஜ் பாதி, சூடு ரெட்டிப்பு.

வழி ரொம்ப எளிது. கயிறு இழுக்கிற எஞ்சினுக்கு பேட்டரியே தேவையில்லை, பேட்டரி மைனஸ் எதற்கு எஞ்சின் பாடியில்? கழற்றிவிடுங்கள். ஃபைபர் உடம்பு, தொட்டு ஷார்ட் ஆகவும் வழி இல்லை. பிரிட்ஜ் முழுசாக வேலை செய்யும். செல்ஃப் ஸ்டார்ட் வைத்த எஞ்சினில் இதைச் செய்ய முடியாது, அங்கே கம்பெனி ரெக்டிஃபையரே இருக்கும்.

பிப்ரவரி 27, இரவு 10.10

கேள்வி கேட்ட தம்பி மாட்டிவிட்டாராம். முழு முறுக்கில் பேட்டரி முனையில் 13.1 வோல்ட்தான் வருகிறது, பிரிட்ஜ் முனையில் 14 இருக்கிறது என்கிறார். 0.9 வோல்ட் வழியில் காணாமல் போகிறது. என்ன வயர் என்று கேட்டேன். வீட்டு வயரிங்கில் மிச்சமான ஒரு சதுர மில்லிமீட்டர்.

ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு, போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர், 0.17 ஓம். ஐந்து ஆம்பியர் ஓடினால் 0.86 வோல்ட். அவர் மீட்டர் பொய் சொல்லவில்லை. நாலு சதுர மில்லிமீட்டர் போட்டால் இது 0.2-க்குக் குறையும். ஈயம் பூசிய செம்பு கிடைத்தால் இன்னும் நல்லது. சாதா வயரின் முனையைச் சீவிப் பாருங்கள், ஒரு வருசம் கடலில் கிடந்தது என்றால் உறைக்கு உள்ளேயே ஒரு சாண் தூரத்துக்கு இழை கறுத்து, விரலில் தேய்த்தால் பச்சைப் பொடி ஒட்டும். சால்டர் அதில் பிடிக்கவே பிடிக்காது. அதை வெட்டி எறிந்துவிட்டு நல்ல செம்பு தெரிகிற வரைக்கும் போக வேண்டியதுதான்.

இன்னொன்று. ஆம்பியர் பார்க்கிறேன் என்று எலக்ட்ரீஷியனிடம் கிளாம்ப் மீட்டர் வாங்கிப் போகாதீர்கள். விலை குறைந்தது ஏசி மட்டும்தான் அளக்கும், பேட்டரி வயரில் பிடித்தால் சரியான அளவு காட்டாது. டிசி கிளாம்ப் என்று தனியாக இருக்கிறது.

மார்ச் 3, காலை 7.20

வயர் பற்றி எழுதியபின் யோசித்தேன், சார்ஜை விட முக்கியமான இடம் வயர்லெஸ் வயர்தான்.

ராத்திரி முழுக்க வயர்லெஸ்ஸை ஆன் செய்தே வைக்கிற வழக்கம் எங்கள் பக்கம் 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயலுக்குப் பிறகுதான் கெட்டியானது. அதற்கு முன்பு பேச வேண்டுமென்றால் போடுவோம், பேசியதும் அணைப்போம். எங்கள் அப்பா காலத்தில் பேட்டரியே இல்லை. மலை முகட்டையும் கோயில் கோபுரத்தையும் நேர் வைத்துப் பாருக்கு (மீன் கூடும் கடலடிப் பாறை) போவார்கள், வெளிச்சத்துக்கு அரிக்கேன் விளக்கு. இப்போது ஜிபிஎஸ் அணைந்தால் பாதிப்பேருக்குக் கரை எந்தப் பக்கம் என்றே சந்தேகம் வருகிறது. நானும் அந்தப் பாதியில்தான், பெருமை பேசவில்லை.

விசயம் என்னவென்றால், பேட்டரி இறங்கினாலும் வயர்லெஸ் நன்றாகவே கேட்கும். கேட்பதற்கு அரை ஆம்பியர் கூட வேண்டாம். ஆபத்து என்று பட்டனை அமுக்கும்போதுதான் ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். பேட்டரி 11.8, மெல்லிய வயரில் 0.9 போய் செட்டுக்கு 10.9 போகிறது. இந்த செட்டுகள் பெரும்பாலும் 13.8 வோல்ட்டுக்கு மேலும் கீழும் 15 சதவீதம் என்ற கணக்கில் செய்தவை, அதாவது 11.7-க்குக் கீழே உத்தரவாதம் இல்லை. அமுக்கியதும் திரை அணைந்து மறுபடி எரியும். எல்லோரும் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது ஒருத்தருக்கும் போகாது.

கரையில் நிற்கும்போதே, லைட், ஜிபிஎஸ் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, 25 வாட்டில் வைத்து, சும்மா இருக்கிற சேனலில் பட்டனை அமுக்கிப் பாருங்கள், ஆபத்து அழைப்புக்கான பதினாறில் அல்ல. மீட்டர் செட்டின் முனையில் இருக்கட்டும். 12-க்குக் கீழே இறங்கினால் வயரை மாற்றுங்கள். பக்கத்து வள்ளத்தோடு பேச ஒரு வாட் போதும், அதற்கு 25 வாட்டில் கத்த வேண்டியதில்லை.

மார்ச் 9, இரவு 8.45

பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் பற்றிக் கேட்டவருக்கு. சுவிட்ச் நல்லதுதான், ஆனால் ரெக்டிஃபையர் வயர் சுவிட்சுக்கு பேட்டரி பக்கம் சேர வேண்டும், நடுவில் ஃபியூஸ் மட்டும். மறுபக்கம் சேர்த்திருந்தால், எஞ்சின் ஓடும்போது யாராவது சுவிட்சைத் திருப்பினால் பேட்டரி கழன்றுவிடும், காயில் தருவது அத்தனையும் ஜிபிஎஸ் தலையில் விழும். வோல்ட்டேஜைப் பிடித்து வைத்திருந்தது பேட்டரிதான். எங்கள் கரையில் ஒருவருடைய செட் அப்படித்தான் போனது. ஓடிக்கொண்டிருக்கும்போது டெர்மினல் லூசாக இருந்தாலும் இதே கதிதான்.

ஃபியூஸ் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள், 10 ஆம்பியர். ரெக்டிஃபையர் பக்கம் போட்டு என்ன பயன், தீப்பிடிக்க வைக்கும் கரண்ட் பேட்டரியிலிருந்து அல்லவா வரும்.

மார்ச் 10

மேலே பிரிட்ஜ் போதும் என்றும் எழுதினேன், பைக் ரெகுலேட்டர் என்றும் எழுதினேன், எது என்று ரெண்டு பேர் கேட்டுவிட்டார்கள். தினமும் பேட்டரி பாதி காலியாகித் திரும்புகிறவருக்கு வெறும் பிரிட்ஜே போதும், கொடுப்பதையெல்லாம் குடித்துவிடும். பேட்டரி நிறைந்த நிலையில் நாலைந்து மணி நேரம் ஓடுகிறவருக்கு ரெகுலேட்டர் கட்டாயம். 14.4-ஐத் தாண்டினால் தண்ணீர் கொதித்துப் போகும், அப்போது கிளம்பும் காற்றில் ஹைட்ரஜன் உண்டு, பெட்டியை இறுக மூடி வைத்துப் பக்கத்தில் பீடி பற்ற வைக்காதீர்கள். ரெகுலேட்டரும் சும்மா இருக்காது, மிச்சத்தை ஷார்ட் செய்து சூடாகக் கழிக்கும். அதனால் துடுப்புத் துடுப்பாக இருக்கிற அதன் உடம்புக்குக் காற்று படவேண்டும். டேப் சுற்றி மூடிவிடுகிறார்கள், பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் அளவு பாருங்கள். கேன் குடிதண்ணீர் டிஸ்டில்டு வாட்டர் அல்ல. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது.

மார்ச் 22, இரவு 9.30

லித்தியம் வாங்கலாமா என்ற கேள்வி வந்தே தீரும் என்று தெரியும். எடை பாதிக்கும் குறைவு, பாதிக்கு மேலே எடுத்தாலும் கெடாது, ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நிறைந்ததும் உள்ளே இருக்கிற பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) சட்டென்று வெட்டிவிட்டால், மார்ச் 9-ல் சொன்ன கதைதான், ஓடும்போது பேட்டரி கழன்ற மாதிரி. அதோடு கடைசி வரை முழு ஆம்பியரையும் வாங்கிக்கொண்டே இருக்கும். சின்னக் காயிலும் ரெகுலேட்டரும் நிற்காமல் முழுச் சுமையில் ஓடும். லித்தியம்தான் வேண்டும் என்றால் எஞ்சினோடு சேர்க்காமல் கரையில் அதற்குரிய சார்ஜரில் போட்டு எடுத்துப் போங்கள். அதுவே எளிது.

ஏப்ரல் 6, மாலை 5.00

கரையில் நிரப்புவது எப்படி என்பதைப் பேசாமலே விட்டுவிட்டோம். 65 ஏஎச் பேட்டரி பதினாறு, பதினேழு கிலோ. அலை அடிக்கிற நேரத்தில் அதைத் தோளில் வைத்து இறங்கிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். நான் இப்போது 26 ஏஎச் சீல் போட்ட பேட்டரி ரெண்டு வைத்திருக்கிறேன். ஒன்று வள்ளத்தில், ஒன்று வீட்டில் சார்ஜரில். ஒரு கையில் தூக்கிக்கொண்டு வரலாம். லைட்டை வலை போடும்போதும் எடுக்கும்போதும் மட்டும் முழுசாகப் போட்டு, மற்ற நேரம் சின்ன சிக்னல் லைட் மட்டும். செலவு பதினாறு, பதினேழு ஏஎச்சுக்கு இறங்கிவிட்டது. எஞ்சின் தருகிற ஆறு போக மீதி பத்து, பதினொன்று. 26-ல் பாதிக்குள் அடங்குகிறது.

சோலார் கேட்டவர்களுக்கு: 50 வாட் பேனல் நம் வெயிலுக்கு ஒரு நாளில் பன்னிரண்டு ஏஎச்சுக்குக் குறையாமல் தரும், எஞ்சினைவிட ரெட்டிப்பு. ஆனால் வள்ளத்தில் எங்கே வைப்பது? வலை வந்து விழும், ஆள் மிதிப்பான், உப்பு படியும். கொட்டகைக் கூரையில் வைத்து, சின்ன கன்ட்ரோலர் போட்டு, திரும்பி வந்த பேட்டரியை அங்கே மாட்டிவிடலாம். பகல் முழுக்க வள்ளம் கரையில்தானே கிடக்கிறது. காக்கை எச்சத்தை மட்டும் துடையுங்கள், ஒரு செல்லை மறைத்தாலே பேனலின் வரவு பாதியாகும்.

ஏப்ரல் 6, மாலை 5.40

“அப்போ எஞ்சின் சார்ஜே தேவையில்லையா?” தேவை. ஒரு நாள் எஞ்சின் மக்கர் பண்ணி, காற்று திரும்பி, காலையில் வரவேண்டியவர் மறுநாள் வந்தால் அந்த ஆறு ஏஎச்தான் பேசும். எஞ்சினே ஓடாவிட்டால்? அப்போது லைட்டையும் எக்கோவையும் அணைத்து வயர்லெஸ்ஸை மட்டும் வையுங்கள், 0.4 ஆம்பியரில் ரெண்டு நாள் கேட்கும்.

மே 26, இரவு 8.20

கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று) தொடங்கப் போகிறது, நிறைய வள்ளம் மேலே ஏறிவிடும். பேட்டரியை வள்ளத்திலேயே விட்டுப் போகாதீர்கள். முழுசாகச் சார்ஜ் செய்து, ரெண்டு வயரையும் கழற்றி, வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். சும்மா இருந்தாலும் தானாக இறங்கும். மாதம் ஒருமுறை மீட்டர் வையுங்கள், 12.4-க்குக் கீழே வந்தால் சார்ஜ் போடுங்கள். அதற்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் கெட்டிப்பட்டுவிடும், அப்புறம் எந்தச் சார்ஜர் போட்டாலும் பழைய ஏஎச் வராது. சிமென்ட் தரை சார்ஜை உறிஞ்சும் என்று பலகை தேடுகிறவர்களுக்கு: இந்தக் காலத்து பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது. பலகை போட்டாலும் பாதகமில்லை, அம்மாவிடம் சண்டை வேண்டாம்.

டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சோடா உப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து வாஸ்லின் பூசுங்கள். சோடாத் தண்ணீர் மூடி வழியாக உள்ளே இறங்கக் கூடாது.

கச்சான் ஓய்ந்து மறுபடி மாட்டும்போது ஃபியூஸைக் கழற்றி வைத்துக்கொண்டு, பிளஸ், மைனஸ் பார்த்து, கடைசியாக ஃபியூஸ் போடுங்கள். திருப்பி மாட்டினால் ரெக்டிஃபையர் டயோடுகள் அந்த நொடியே நேர்வழியில் கடத்தும். ஃபியூஸ் தப்பிக்க வைக்கலாம், வைக்காமலும் போகலாம். பிரிட்ஜ் ஒன்று கூடுதலாக வாங்கி, கிரீஸ் தடவிப் பாலித்தீனில் சுற்றி எஞ்சின் டூல் பெட்டியில் போட்டு வையுங்கள்.